நடக்கும் பாதையில் சைக்கிளும் வாகனமும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாதைகளைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

இலங்கையின் மலையகத்தில் நடப்பவர்களுக்கென்று தனியாகப் போடப்பட்ட பாதைகள் மிகக் குறைவு. நகரங்களின் கடைவீதி ஓரத்தில் சிறிது தூரம் இருக்கிறது. நுவரெலியாவில் கிரகரி வாவியின் கரையோரம் ஒன்று இருக்கிறது. மற்றபடி இங்குள்ளவர்கள் நடப்பதெல்லாம் தோட்டத்து ரோடுகளிலும், லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து) கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் போகிற குறுக்குப் பாதைகளிலும்தான். காலை ஆறரை மணிக்குப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகிறவர்களும், ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும், முச்சக்கர வண்டியும், கொழுந்து லொறியும், சைக்கிளும் பயன்படுத்துவது அதே பத்தடி அகலப் பாதையைத்தான். "பகிர்ந்து பயன்படுத்தும் பாதை" என்று வெளிநாடுகளில் பலகை வைத்து வட்டமான நீலக் குறி போடுகிறார்கள். இங்கே பலகை இல்லாமலே எல்லாப் பாதையும் அப்படித்தான் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைவழி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீள்கிறது. அதன் பெரும்பகுதி பழைய தோட்டத்துப் பாதைகளே. அதில் நடக்க வருகிறவர்களோடு, தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. பழக்கமில்லாத இறக்கத்தில் பழக்கமில்லாத ஒருவர் வருகிறார் என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே மோதல்கள் பெரும்பாலும் எப்படி நடக்கின்றன?

நான் பார்த்தவையும் கேட்டவையும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, இறக்கத்தில் வருகிற சைக்கிள் நடந்துபோகிறவரை மோதுவது. மற்றது, வளைவில் திரும்புகிற வாகனம் ஓரத்தில் போகிற சைக்கிளை அணைத்து நசுக்குவது. நிறுத்தியிருக்கும் முச்சக்கர வண்டி பின்னுக்கு எடுக்கும்போது இடிப்பது, வானின் கதவைத் திடீரென்று திறப்பது போன்றவையும் நடக்கின்றன. ஆனால் அவை சமதரையிலும் நடக்கக் கூடியவை. மலைக்கே உரியவை முதல் இரண்டும்தான். அந்த இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வந்தவர் தன் கண்ணுக்குத் தெரிந்த தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் வந்தாரா? இந்தப் பக்கத்தில் சட்டம், காப்புறுதி, பாதை அமைப்பு என்று எதைப் பேசினாலும் கடைசியில் அந்தக் கேள்விக்கே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

சைக்கிள் இலேசான வண்டிதானே? அது மோதி என்ன பெரிய காயம் வந்துவிடும்?

வண்டி இலேசு, ஓட்டுகிறவர் இலேசில்லை. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அது மோதுவது, ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து அதே எடை விழுவதற்குச் சமம். லயத்துக் கூரை முகட்டிலிருந்து ஓர் ஆள் உங்கள் மேல் விழுவதாக எண்ணிப் பார்க்கலாம். வேகத்தைப் பாதியாக்கி 15 கிலோமீற்றருக்குக் கொண்டுவந்தால், அந்த உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவாகிவிடுகிறது. வேகம் பாதியானால் தாக்கம் பாதியாவதில்லை, கால்பங்காகிறது.

தாக்கத்தைவிட விழுவதுதான் ஆபத்து. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் கொங்கிரீட் பாதையில் பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். பின்பக்கமாக விழுந்தால் தலை கானின், அதாவது வடிகாலின், விளிம்பில் அடிபடக்கூடும். மலைப் பாதையில் மூன்றாவது ஒன்றும் உண்டு: விழுகிற இடம் பாதையாகவே இராமல், பத்தடி கீழே இருக்கிற தேயிலை மலையாக இருக்கலாம்.

இறக்கத்தில் பிரேக் பிடித்தும் சைக்கிள் ஏன் நிற்பதில்லை?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை" என்று சொல்கிற பையன் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

ஒருவர் தடையைக் கண்டு, அது தடை என்று உணர்ந்து, கையை இறுக்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் அந்த ஒன்றரை விநாடிக்குள் சைக்கிள் பன்னிரண்டரை மீற்றர் ஓடிவிடும். அதன் பிறகுதான் பிரேக்கின் வேலை தொடங்குகிறது. நனைந்த சமதரையில் சுமாரான பிரேக் உள்ள சைக்கிள் அந்த வேகத்திலிருந்து நிற்க இன்னும் பன்னிரண்டு மீற்றர் வேண்டும் என்று கொண்டால், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அதே பிரேக்குக்கு ஏறத்தாழ பதினெட்டு மீற்றர் வேண்டும்; புவியீர்ப்பு வண்டியைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால் பிரேக்கின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு அந்த இழுப்பைத் தாங்குவதற்கே செலவாகிவிடுகிறது. ஆக மொத்தம் முப்பது மீற்றருக்கும் சற்று மேல். அதே சரிவில் 15 கிலோமீற்றர் வேகத்தில் வந்தவர் பதினொரு மீற்றருக்குள் நின்றிருப்பார்.

இதை என் வீட்டுக்குக் கீழேயுள்ள வளைவில் காலடியால் அளந்து பார்த்தேன். மேலேயிருந்து வருகிறவருக்கு வளைவின் மறுபக்கத்தில் நிற்கிற ஆள் கண்ணில் படுகிற இடத்திலிருந்து அந்த ஆள் வரைக்கும் என் எட்டில் பதினெட்டு எட்டு, ஏறத்தாழ பதின்மூன்று மீற்றர். மானாப்புல் வளர்ந்து பாதைப் பக்கம் சாய்ந்திருக்கிற மாதங்களில் பதினொரு எட்டுதான். 15 கிலோமீற்றரில் வருகிறவருக்குக்கூட அப்போது இடம் போதாது.

இதற்கு மேல் மழையும் இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பைப் பற்றுகிற பழைய வகை ரப்பர் கட்டை பிரேக்குகளில், விளிம்பில் படிந்த நீரைக் கட்டை வழித்தெடுக்கும் வரை பிடி கிடைப்பதில்லை. சக்கரம் ஒருமுறை சுற்றினால் இரண்டு மீற்றர் போய்விடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி தளர்வது கனரக வாகனங்களில் நன்கு அறியப்பட்ட விடயம். ஓட்டுநர்கள் முதலிலேயே சிறிய கியருக்கு மாறி இறங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அதற்காகத்தான். சைக்கிளில் சிறிய கியர் வேகத்தைக் குறைக்காது. அதில் இறங்குவதற்கு முன்பே மெதுவாக இருக்க வேண்டும். இறங்கத் தொடங்கிய பின் மெதுவாக்க நினைப்பது பிந்திய யோசனை.

மணி அடித்துக்கொண்டு வந்தால் போதாதா?

போதாது. அதை நான் ஒரு மாலையில் நேரில் தெரிந்துகொண்டேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஐந்தரை மணி. என் பெரியம்மா கவ்வாத்து மலையிலிருந்து (தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட மலையிலிருந்து) விறகுக் கட்டைத் தலையில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்; நான் பத்துப் பதினைந்து எட்டுப் பின்னால் வந்தேன். தலையில் ஆளுயர விறகுக் கட்டு இருக்கிறவருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும்; உடம்போடு திரும்பினால் விறகின் இரண்டு முனைகளும் பாதையை மறித்து நிற்கும். பின்னாலிருந்து பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மணியை விடாமல் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனான். மேலே போர்த்தியிருந்த கொங்காணியில் (மழைப் போர்வையில்) மழை விழுகிற சத்தத்துக்குள் அவருக்கு மணி கேட்டது கடைசி நிமிடத்தில்தான். எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாததால் அவர் இயல்பாகத் திரும்பினார். விறகின் முனை பையனுடைய தோளில் பட்டது, சைக்கிள் அவருடைய காலில் பட்டது, மூன்றும் கானுக்குள் விழுந்தன. அவருக்குக் கணுக்கால் எலும்பில் வெடிப்பு, இரண்டு மாதம் வேலை இல்லை. பையனுக்கு உதட்டில் நான்கு தையல்.

"மணி அடிச்சேனே, ஆச்சி" என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். உண்மைதான், அடித்தான். மணி ஒருவர் வருகிறார் என்பதைச் சொல்லும். எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகமாக, எப்போது என்பதைச் சொல்லாது. கேட்டவர் எப்பக்கம் ஒதுங்குவார் என்று அடித்தவருக்கும் தெரியாது. இருபது மீற்றருக்கு முன்பே ஒருமுறை அடித்து, வேகத்தைக் குறைத்து, "வலப்பக்கமா வர்றேன் அம்மா" என்று வாயால் சொல்லி, அவர் ஒதுங்கியதைக் கண்ட பிறகு கடப்பதே முறை. தலையில் சுமையோ முதுகில் கொழுந்துக் கூடையோ இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

லொறியும் பஸ்ஸும் ஓரத்தில் போகிற சைக்கிளை ஏன் நசுக்குகின்றன?

நீளமான வாகனம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு வெட்டும். கொண்டை ஊசி வளைவில் இடப்பக்கமாகத் திரும்புகிற கொழுந்து லொறியின் முன்பகுதி கானிலிருந்து ஐந்தடி தள்ளிப் போவதைப் பார்த்து, அந்த ஐந்தடிக்குள் தன்னால் போக முடியும் என்று சைக்கிளோட்டி நினைக்கிறார். பின்சக்கரம் வரும்போது அங்கே ஓரடிகூட இராது. ஓட்டுநருக்கு அந்த மூலை கண்ணாடியில் தெரிவதும் அரிது.

ஆகவே வளைவில் திரும்புகிற லொறிக்கும் கானுக்கும் இடையில் ஒருபோதும் நுழையக் கூடாது. பின்னாலேயே நில்லுங்கள். ஓட்டுநர் பக்கத்துக் கடமையும் தெளிவானது: வளைவுக்கு முன்பு சைக்கிளைக் கண்டால் அதை முந்தக் கூடாது, வளைவு முடியும்வரை பின்னால் போக வேண்டும். ஹோர்ன் அடித்து ஒதுங்கச் சொல்வது சைக்கிளோட்டியை அந்தச் சாவு மூலைக்குள் தள்ளுவதுதான்.

ஒடுங்கிய சரிவில் எதிரெதிரே வந்தால் யார் வழிவிட வேண்டும்?

ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர்கள் எல்லாரும் அறிந்த வழக்கம். நின்ற பிறகு மறுபடி ஏற்றத்தில் எடுப்பது கடினம் என்பதால் வந்த வழக்கம் அது. சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் அது அப்படியே பொருந்தும். ஏறுகிறவர் மூச்சு வாங்கிக் குனிந்து வருவார். அவர் பார்வை முன்னால் இராது.

நடப்பவர் எந்தப் பக்கமாக நடக்க வேண்டும்?

நடைபாதை இல்லாத வீதியில் வலப்பக்கமாக, வாகனங்களை எதிர்நோக்கி. இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகப் போவதால் அப்போது உங்களுக்கு அருகே வருகிற வாகனம் உங்கள் கண்ணுக்கு முன்னால் வரும். ஆனால் வலப்பக்கம் திரும்புகிற குருட்டு வளைவில், எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அங்கே முன்கூட்டியே மறுபக்கம் கடந்து, வளைவு முடிந்ததும் திரும்பி வருவது நல்லது. ஐந்தாறு பேர் பேசிக்கொண்டு பாதை முழுக்கப் பரவி நடப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நாள் முழுக்க ஆளுக்கொரு நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள் வீடு திரும்பும்போதுதான் பேசுகிறார்கள். மூடுபனி இறங்கிய நேரத்தில் மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போகலாம்.

நடைபாதை மேல் சைக்கிள் ஓட்டலாமா?

நகரத்தில் நடப்பவர்களுக்காக உயர்த்திக் கட்டிய நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஏறி ஓட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீதியில் பஸ்ஸுக்குப் பயந்து நடைபாதையில் ஏறுகிறேன் என்கிறவரின் பயம் நியாயமானதே. ஆனால் அவர் பஸ்ஸிடமிருந்து தப்புவதற்காகத் தன் பயத்தை ஒரு மூதாட்டியின் தலையில் இறக்கி வைக்கிறார்.

கிரகரி வாவியோரம் வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் உருவான அந்த வாவியின் கரையில் நடக்கிறவர்கள், குதிரைச் சவாரி, வாடகைச் சைக்கிள், ஐஸ்கிறீம் வண்டி எல்லாம் ஒரே இடத்தில் கலக்கின்றன. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே ஓட்டுவதைவிடத் தள்ளுவதே விரைவு. எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து, வண்டியை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அந்தச் சைக்கிள் வேண்டாம். இருக்கையில் அமர்ந்தபடி இரண்டு கால் நுனியும் நிலத்தில் படாத சைக்கிளைப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். குதிரையின் பின்னால் மணி அடிக்காதீர்கள்.

மோதல் நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

மேலே, வளைவுக்கு அப்பால் ஒருவரை நிறுத்துங்கள். மலைப் பாதையில் இரண்டாவது வண்டி வந்து விழுந்தவர்கள் மேலேயே ஏறுகிற ஆபத்துத்தான் உடனடியானது. பிறகு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. தோட்டத்துப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு), பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், லொறி வரக்கூடிய பாதையா என்பதைச் சொல்லி, சந்தியில் ஓர் ஆளை டோர்ச் லைட்டுடன் நிறுத்துங்கள்.

இரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்றாலும், கை கால் மரத்திருக்கிறது என்றாலும், ஆளை அசைக்காதீர்கள். அவசரத்தில் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அம்புலன்ஸ் ஏற முடியாத இடத்தில் வேறு வழியும் இல்லை. அப்படித் தூக்க நேர்ந்தால் ஒரு பலகையையோ கதவையோ அடியில் வைத்து, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒருவர் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஹெல்மெட் போட்டிருந்தால், மூச்சு தடைப்பட்டாலன்றிக் கழற்ற வேண்டாம்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடக்கிறார், நன்றாகப் பேசுகிறார். வைத்தியசாலைக்குப் போக வேண்டுமா?

போக வேண்டும். மண்டையோட்டுக்குள் மெதுவாக இரத்தம் கசிகிறவர்கள் முதல் சில மணி நேரம் சாதாரணமாக இருந்துவிட்டுப் பின்னர் நினைவிழப்பது உண்டு. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவு எத்தனை மணியானாலும் கொண்டுபோக வேண்டும். "அடிபட்ட களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவதே இதில் நடக்கிற பெரிய தவறு.

பொலிஸில் சொல்ல வேண்டுமா? ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?

காயம் பட்டிருந்தால் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்தில் சம்பந்தப்பட்ட வாகனத்தின் ஓட்டுநர் நிற்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும், பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். பொது வழியில் ஆள் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனமின்றி ஓட்டுவதைத் தண்டனைச் சட்டக்கோவை தனியாகவே குற்றமாக்கியிருக்கிறது. மரணம் நேர்ந்தால் அதன் 298ஆம் பிரிவு வரும். சைக்கிளில் வந்தவர் என்பதால் அதிலிருந்து விலக்கு இல்லை.

பேசித் தீர்ப்பதற்கு நான் எதிரியில்லை. என் பெரியம்மாவின் விடயத்திலும் பையனின் தகப்பனார் வந்து மருந்துச் செலவைக் கொடுத்தார், நாங்களும் பையன்மேல் வழக்கு வைக்க விரும்பவில்லை. ஆனால் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டுப் பேசுவது வேறு, பதியாமல் பேசுவது வேறு. அன்றைக்கு வீக்கம் என்று நினைத்தது ஒரு வாரம் கழித்து எலும்பு முறிவு என்று தெரியவந்தால், பதிவில்லாதவர் கையில் எதுவும் இராது. பொலிஸார் தருகிற சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு வைத்தியரிடம் போனால் காயத்தின் தன்மை எழுத்தில் வந்துவிடும்.

வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களமும் தமிழும் இரண்டும் அரச கரும மொழிகள். எழுதியவர் சிங்களத்தில் எழுதி, "சரி, கையெழுத்துப் போடுங்கள்" என்றால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை போடாதீர்கள். "ஓரமாக நின்றேன்" என்பது "ஓரத்திலிருந்து வந்தேன்" என்று மாறுவதற்கு ஒரு சொல் போதும். வழக்கே அந்தச் சொல்லில் தொங்கும்.

என்ன சாட்சியத்தைச் சேர்த்து வைக்க வேண்டும்?

வண்டியின் உடைந்த கண்ணாடியைக் கைபேசியில் படமெடுக்கிறவர்கள், எடுக்க வேண்டிய படத்தை விட்டுவிடுகிறார்கள். மேலேயிருந்து வந்தவருக்கு எங்கிருந்து முதலில் தெரிந்திருக்கும் என்ற இடத்தில் அவருடைய கண் மட்டத்தில் நின்று, மோதிய இடத்தை நோக்கி ஒரு படம். பிறகு அந்தத் தூரத்தை நாடாவாலோ காலடியாலோ அளந்து எழுதுங்கள். சறுக்கிய தடத்தின் நீளம், பாதை நனைந்திருந்ததா, விளக்கு இருந்ததா, புல் மறைத்ததா என்பவையும் வேண்டும். மறுநாள் தோட்டத்தார் புல்லை வெட்டிவிட்டால் அந்த வளைவு வேறு வளைவு. இருட்டில் ஓடும் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பும் இருக்க வேண்டும். இருந்தனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நட்டஈடு யாரிடமிருந்து கிடைக்கும்?

மோட்டார் வாகனம் மோதியிருந்தால், அதற்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பதால், காப்புறுதிச் சான்றிதழின் இலக்கத்தை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மோதிவிட்டுத் தப்பிய வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையின் நட்டஈட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

சைக்கிள் மோதியிருந்தால் காப்புறுதி இராது. ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து அவரிடமே கேட்க வேண்டும். இத்தகைய சிவில் வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டுகளே அவகாசம் தருகிறது. காயப்பட்டவர் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் தொகையைப் பங்கிட்டுக் குறைக்கலாம். "அவரும் பார்க்கவில்லை" என்ற ஒரே காரணத்தால் முழுவதையும் மறுத்துவிட முடியாது. சிறிய தொகையாயின் விடயம் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் தோட்ட நிர்வாகம் ஏதாவது தர வேண்டுமா?

தர வேண்டியிருக்கலாம், பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் காயத்துக்கு உரியது. 2022இல் வந்த திருத்தம், வேலைக்குப் போய்வரும் பயணத்தில் நேரும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. பிரட்டுக்களத்துக்கு நடந்து போகும்போது சைக்கிள் மோதியவர் இதைத் தன் தொழிற்சங்கத் தலைவரிடமோ மாவட்டத் தொழில் அலுவலகத்திலோ கேட்க வேண்டும். நேரமும் இடமும் முக்கியம் என்பதால், அன்றைய செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பெயர் விழுந்ததா, எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டார் என்பதைக் குறித்து வையுங்கள்.

குருட்டு வளைவைத் திருத்தித் தரும்படி யாரிடம் கேட்பது?

இதுதான் மலையகத்தின் நீண்டகாலச் சிக்கல். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. அதனால் பல பாதைகளில் "இது தோட்டத்துப் பாதை" என்று பிரதேச சபையும், "ஊர் ஆட்கள் பயன்படுத்துகிற பாதை" என்று தோட்ட நிர்வாகமும் பந்தை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தன. பிரதேச சபைகள் தோட்ட மக்களுக்கும் பணியாற்ற முடியும்படி 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால், "எங்களுக்கு அதிகாரமில்லை" என்ற பழைய பதிலை இப்போது ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பிரதான வீதியாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபை பொறுப்பு.

கடிதத்தில் "பாதையைத் திருத்தித் தரவும்" என்று மட்டும் எழுதினால் கொங்கிரீட் போடுவார்கள்; கொங்கிரீட் போட்டால் வேகம் கூடும். என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: வளைவின் உட்பக்கத்துப் புல்லும் செடியும் முழங்கால் உயரத்துக்குமேல் வளராதபடி மாதமொருமுறை வெட்ட வேண்டும், குவிந்த கண்ணாடி ஒன்று வேண்டும், வளைவுக்கு முப்பது மீற்றர் மேலேயே வேகத்தடை வேண்டும், வளைவிலேயே வேண்டாம், கானுக்கு மூடி வேண்டும். நடப்பவர்கள் மட்டும் போகிற படிப் பாதையின் தலைப்பில் இரண்டு தூண் நட்டால், ஆள் போகலாம், மோட்டார் சைக்கிள் போகாது. இதில் எதுவும் பெரிய செலவில்லை.

வேகத்தைப் பற்றி எழுதும்போது ஓர் ஆதாரம் கைகொடுக்கும். நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களும் கலக்கிற இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரை உச்ச வேகமாக்க வேண்டும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு பரிந்துரைத்தது. அது சமதரை நகரங்களை நினைத்துச் சொன்ன எண். பதின்மூன்று மீற்றர் மட்டுமே தெரிகிற இறக்கத்துக்கு அந்த எண்ணும் கூடுதல் என்பதை, மேலே சொன்ன கணக்கோடு நீங்கள் அளந்த தூரத்தையும் சேர்த்து எழுதலாம்.

எங்கள் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா?

தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். மூன்று மைல் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். முதல் வாரம் நீங்களும் கூடப் போங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு வளைவிலும் இறங்கி நின்று, எங்கே ஆள் தெரிகிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு கல்லில் சுண்ணாம்பு தடவி விடுங்கள். கல்லைக் கண்டதும் வண்டி நடையின் வேகத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பையனின் தகப்பனார் எங்கள் வளைவில் அப்படி ஒரு கல் வைத்தார். மழைக்குச் சுண்ணாம்பு கரைந்துபோகும். இப்போது அதைத் திரும்பத் தடவுவது அந்தப் பையன்தான்.